புதுக் கருவி புனைந்தோர் கவனத்திற்கு

நமது கிராமங்களில் புதியன காணும் புத்தி குறைவு என்று எவரேனும் கூறுவாராயின், அவர் கிராமத்தை அறியாதவரே ஆவார். கொல்லருடைய உலையிலும், தச்சருடைய பட்டறையிலும், குடியானவருடைய களத்திலும் ஆண்டுதோறும் ஏதேனும் ஒரு சிறு புதுமை தோன்றிக்கொண்டே இருக்கிறது. கலப்பையின் கொழுவைச் சற்று வளைத்துப் பார்க்கிறார் ஒருவர். களையெடுக்கும் கருவிக்கு ஒரு சக்கரத்தைச் சேர்க்கிறார் மற்றொருவர். ஆயினும், அப்புதுமையைக் கண்டவருக்கு அதனால் நாலு காசு கிடைத்ததாகக் கேள்விப்படுவது அரிதாகவே இருக்கிறது. இதற்குக் காரணம் புத்திக் குறைவன்று. கண்டுபிடித்த பின்னர்ச் செய்ய வேண்டுவனவற்றை, செய்ய வேண்டிய வரிசையில், செய்ய வேண்டிய காலத்தில் செய்யாமையே காரணமாகும். அவ்வரிசையை எடுத்துரைப்பதே இப்பாடத்தின் நோக்கம்.

1. ஒரு கொல்லரின் அனுபவம்

சில ஆண்டுகளுக்கு முன்னர், நான் கணக்குத் தணிக்கைக்குச் செல்லும் சங்கம் ஒன்றில் கொல்லர் ஒருவர் அங்கத்தினராக இருந்தார். நிலக்கடலை பிடுங்கும் பருவத்தில் பெண்மக்கள் நாள் முழுதும் குந்தியிருந்து கடலைக்காய் ஆய்வதைக் கண்டு, அவர் ஒரு கருவி செய்தார். மரச் சட்டத்தில் சீப்புப் போன்ற இரும்புப் பற்களை அமைத்துக் கொடியை அதன்மீது இழுக்கும் முறை முன்னரே உள்ளது. இவர் அப்பற்களை வில்தகட்டின்மேல் பொருத்தினார். காய் உடையாமலும், கொடி சிக்காமலும் வேலை விரைவாக நடந்தது.

அக்கருவியைக் கண்டு மகிழ்ந்த நான், அதை நகரத்தில் நடந்த ஒரு விவசாயக் கண்காட்சிக்கு எடுத்துச் செல்லுமாறு அவரைத் தூண்டினேன். அவரும் சென்று, மூன்று நாள் எல்லோர்க்கும் இயக்கிக் காட்டினார். வந்தவர்கள் புகழ்ந்தார்கள், படம் பிடித்தார்கள், ஒருவர் கருவியையே விலைக்கு வாங்கிக்கொண்டு போனார். அடுத்த பருவத்தில் அதே அமைப்புள்ள கருவி, வர்ணம் பூசப்பட்டு, வேறொரு பெயருடன் கடைகளில் விற்கப்பட்டது. கொல்லர் என்னிடம் வந்து, "ஐயா, இதற்கு வழக்குப் போடலாமா?" என்று கேட்டார். விசாரித்துப் பார்த்ததில், போட வழியில்லை என்றே நான் அவருக்குச் சொல்ல வேண்டியதாயிற்று. ஏனெனில், கண்காட்சிக்கு முன் அவர் எந்த விண்ணப்பமும் கொடுக்கவில்லை. எல்லோருக்கும் காட்டப்பட்டுவிட்ட பொருள் சட்டத்தின் கண்ணில் புதியதன்று.

இதில் தவறு அவருடையதன்று, என்னுடையது. சட்டத்தை அறியாமல் ஆலோசனை சொன்னவன் நான். அதனை அறிந்துகொண்டு பிறருக்குக் கூறுதல் எனக்கு ஒரு கடனாகவே இருக்கிறது.

2. காப்புரிமை என்பது யாது?

பேட்டெண்டு எனப்படும் காப்புரிமையானது, கண்டுபிடித்தவருக்கும் சர்க்காருக்கும் இடையே நிகழும் ஓர் ஒப்பந்தம் போன்றது. அவர் தமது இரகசியத்தை முழுவதும் எழுத்தில் வெளியிடுகிறார். அதற்குப் பிரதியாக, குறித்த காலம் வரையில் அவர் அனுமதியின்றி அப்பொருளைப் பிறர் செய்தலும் விற்றலும் கூடாது என்ற உரிமையைச் சர்க்கார் வழங்குகிறது. காலம் முடிந்தபின் அவ்வறிவு எல்லோர்க்கும் பொதுவாகிவிடும்.

இந்தியாவில் இதற்கான முதற் சட்டம் 1856-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அவ்வாண்டு மார்ச்சு மாதம் 3-ஆம் தேதி, கல்கத்தாவில் வசித்த ஜார்ஜ் ஆல்பிரட் டிபென்னிங் என்ற என்ஜினீயர், பங்கா இழுக்கும் யந்திரத்திற்காக முதல் விண்ணப்பத்தைக் கொடுத்தார். 1911-ஆம் ஆண்டின் சட்டம் நெடுங்காலம் வழங்கி வந்தது. இப்பொழுது நடைமுறையில் இருப்பது 1970-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 1972 ஏப்ரல் 20 முதல் அமலுக்கு வந்து, பின்னர்ப் பலமுறை திருத்தப்பட்ட சட்டமாகும். இதன்படி உரிமையின் காலம், விண்ணப்பம் கொடுத்த தேதியிலிருந்து 20 ஆண்டுகள்.

இரண்டு விஷயங்களை மறத்தல் கூடாது. இந்தியாவில் பெற்ற உரிமை இந்தியாவிற்குள் மட்டுமே செல்லும். அஃதன்றியும், உரிமைப் பத்திரம் கையில் இருப்பதனாலேயே சர்க்கார் சேவகர் வந்து திருட்டுச் சரக்கைப் பறிமுதல் செய்துவிட மாட்டார். உரிமையுடையவரே நீதிமன்றம் சென்று வழக்காட வேண்டும். பத்திரம் வேலி கட்டுவதற்கான அனுமதியேயன்றி வேலி ஆகாது.

3. எவை உரிமை பெறும்? எவை பெறா?

மூன்று தகுதிகள் வேண்டும். முதலாவது, பொருள் உலகில் எங்கும் முன்னர் வெளியிடப்படாத புதுமையாக இருத்தல். இரண்டாவது, அத்தொழிலில் தேர்ந்தவர் ஒருவருக்கு எளிதில் தோன்றிவிடாத நுட்பம் அதில் இருத்தல். மூன்றாவது, தொழிலில் செய்யவும் பயன்படுத்தவும் கூடியதாக இருத்தல்.

அங்கத்தினர்கள் அடிக்கடி கேட்கும் சிலவற்றிற்கு உரிமை கிடையாது. புது முறையில் நாற்று நடுதல் போன்ற விவசாய முறைக்குக் கிடையாது. ஆனால் நாற்று நடும் கருவிக்கு உண்டு. தெரிந்த இரண்டு கருவிகளை ஒரே பலகையில் சேர்த்து வைத்து, அவை தத்தம் வேலையையே தனித்தனியே செய்யுமாயின், அதற்கும் கிடையாது. எண்ணெயோ மின்சாரமோ மாட்டின் பலமோ இன்றித் தானே ஓயாது சுழலும் சக்கரம் கண்டதாகச் சிலர் வருவதுண்டு. அது இயற்கை விதிக்கு முரணாகையால் விண்ணப்பக் கட்டணமும் நஷ்டமாம்.

பாட்டி வைத்தியம் முதலிய பரம்பரை அறிவிற்கும் எவரும் தனியுரிமை கோர இயலாது. அமெரிக்காவில் 1995-ஆம் ஆண்டில், மஞ்சளைக் கொண்டு புண்ணை ஆற்றும் முறைக்கு ஒரு காப்புரிமை வழங்கப்பட்டது. இந்தியாவின் விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சிக் கவுன்சில், இது நம் வீடுகளில் தொன்றுதொட்டு வழங்குவது என்பதைப் பழைய நூல்களைக் காட்டி ருசுப்படுத்தியதன்பேரில், 1997-ஆம் ஆண்டில் அது ரத்துச் செய்யப்பட்டது.

கருவியின் உருவ அழகு மட்டுமே புதியதாயின், அதனை வடிவமைப்புச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்யலாம். காலம் 10 ஆண்டு, மேலும் 5 ஆண்டு நீட்டிக்கலாம். சரக்கின் பெயரையும் முத்திரையையும் வியாபாரக் குறியாகப் பதிவு செய்து, பத்தாண்டுக்கொரு முறை புதுப்பித்து வரலாம்.

4. விண்ணப்பத்தின் படிகள்

(அ) வாய் திறவாமை. விண்ணப்பம் கொடுக்கும் வரையில் பொருளைச் சந்தையில் விற்றல், பத்திரிகையில் எழுதுதல், படம் வெளியிடுதல், கண்காட்சியில் வைத்தல் ஆகியன கூடா. மத்திய சர்க்கார் கெஜட்டில் அறிவித்த கண்காட்சிகளைப் பொறுத்தும், அவசியமான பரிசோதனைகளைப் பொறுத்தும் சட்டத்தில் சில விலக்குகள் உண்டு. அவற்றை நம்பிக் காரியம் செய்தல் விவேகமன்று. எவருக்கேனும் காட்டியே தீர வேண்டுமாயின், இரகசியம் காப்பதாக முதலில் எழுதி வாங்கிக்கொள்க.

(ஆ) குறிப்புப் புத்தகம். ஒவ்வொரு நாளும் செய்த மாறுதலையும் கண்ட பலனையும் தேதியிட்டு எழுதி, நம்பிக்கையான இருவரிடம் சாட்சிக் கையொப்பம் பெறுக. நம் சட்டத்தில் முதலில் விண்ணப்பித்தவருக்கே முன்னுரிமை; ஆகையால் புத்தகம் விண்ணப்பத்திற்கு ஈடாகாது. எனினும், பிறர் நம்மிடமிருந்து திருடி விண்ணப்பித்தார் என்று காட்ட நேரிடின், அது பெருந்துணையாகும்.

(இ) தேடுதல். இதே பொருளை முன்னரே ஒருவர் கண்டிருக்கலாம். காப்புரிமை அலுவலகத்தின் இணையத் தளத்தில் பழைய விண்ணப்பங்களைக் கட்டணமின்றித் தேடலாம். அலுவலகத்தின் சஞ்சிகை வெள்ளிக்கிழமைதோறும் வெளியாகிறது. நான்கு நாள் தேடுவது நான்கு ஆண்டு வீண்செலவைத் தவிர்க்கும்.

(ஈ) தற்காலிக விவரணம். கருவி முற்றும் செம்மையுறாத நிலையிலேயே, அதன் அடிப்படையை எழுதிக் கொடுத்துத் தேதியைக் கைப்பற்றிக்கொள்ளலாம். அத்தேதியிலிருந்து 12 மாதங்களுக்குள் முழு விவரணத்தைக் கொடுத்தாக வேண்டும். தவறினால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கருதப்படும். ஏழை உழைப்பாளிக்கு இவ்வேற்பாடு மிகவும் அனுகூலமானது. பொருளைத் திருத்தவும், வாங்குவோரை நாடவும் ஓராண்டு அவகாசம் கிடைக்கிறது.

(உ) முழு விவரணமும் உரிமைக்கோரிக்கையும். படிப்பவர் தாமே செய்துகொள்ளும்படி படங்களுடன் விளக்க வேண்டும். இறுதியில், எந்த அம்சத்திற்கு உரிமை கேட்கிறோம் என்பதை வரையறுத்து எழுத வேண்டும். நிலப் பத்திரத்தில் நான்கெல்லை எழுதுவது போன்றதே இது. எல்லையைக் குறுக்கி எழுதினால் அண்டையார் ஓரமாகப் புகுந்துவிடுவர். மிக விரித்து எழுதினால் பழைய சொத்தில் மோதி முழுவதும் தள்ளுபடியாகும். இவ்விடத்தில் பதிவு பெற்ற காப்புரிமை முகவரின் உதவியை நாடுதல் நலம்.

(ஊ) பிரசுரமும் பரிசோதனையும். சாதாரணமாக 18 மாதத்திற்குப் பின் விண்ணப்பம் சஞ்சிகையில் வெளியிடப்படும். தானாகப் பரிசோதனை நடவாது. அதற்கெனத் தனி மனு கொடுக்க வேண்டும். 2024-ஆம் ஆண்டு மார்ச்சு 15 முதல் அமலுக்கு வந்த விதிகளின்படி, அதற்குரிய கெடு 31 மாதம். பரிசோதகர் எழுப்பும் ஆட்சேபங்களுக்கு 6 மாதத்திற்குள் பதில் கூறுதல் வேண்டும். யாவும் திருப்தியாயின் உரிமை வழங்கப்படும்.

நமது மாகாணத்தார் விண்ணப்பிக்க வேண்டிய அலுவலகம் சென்னைக் கிண்டியில் உள்ளது. தனி மனிதர் இணையத்தின் மூலம் விண்ணப்பித்தால் கட்டணம் ரூ. 1,600, பரிசோதனை மனுவுக்கு ரூ. 4,000. உரிமை பெற்றபின், விண்ணப்பத் தேதியிலிருந்து எண்ணப்படும் மூன்றாம் ஆண்டு முதற்கொண்டு ஆண்டுக் கட்டணம் கட்டிவர வேண்டும். முதலில் ரூ. 800 ஆக இருப்பது பின் ஆண்டுகளில் உயர்ந்துகொண்டே செல்லும். கட்டத் தவறினால் உரிமை அழியும். முகவருக்குரிய ஊதியம் இவற்றினும் பெரிது. வசதி குறைந்த கிராமக் கண்டுபிடிப்பாளருக்கு, குஜராத்தில் காந்திநகரை இருப்பிடமாகக் கொண்டு 2000-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட தேசியப் புத்தாக்க நிறுவனம், விண்ணப்பம் தயாரிப்பது முதல் உதவி புரிகிறது.

"உங்கள் யோசனை கோடி பெறும், முன்பணம் அனுப்புங்கள்" என்று கூறும் தரகரிடம் எச்சரிக்கையாக இருங்கள். உங்கள் யோசனையின் மதிப்பை அவர் அறியார். முன்பணத்தின் மதிப்பை மட்டும் அறிவார்.

5. பருத்தி யந்திரம் புகட்டும் பாடம்

உரிமை பெற்றும் ஒருவர் நஷ்டமடையக்கூடும் என்பதற்கு அமெரிக்கரான ஈலை விட்னியின் சரித்திரமே சான்று. பருத்தியை இரண்டு உருளைகளுக்கிடையே செலுத்தி விதையைப் பிரிக்கும் சாதனம் நம் நாட்டில் நெடுங்காலமாக உண்டு. ஆனால் அமெரிக்கத் தென்னாட்டில் விளைந்த குட்டை இழைப் பருத்தியில், விதை பஞ்சுடன் இறுகப் பற்றியிருந்தமையால் அச்சாதனம் பயன்படவில்லை. 1793-ஆம் ஆண்டில் விட்னி, கம்பிப் பற்கள் பஞ்சைப் பிடித்து இழுக்க, குறுகிய இடுக்கு விதையைத் தடுத்து நிறுத்தும் யந்திரத்தைச் செய்தார். கையால் ஒரு நாளில் சுமார் ஒரு பவுண்டு பஞ்சு பிரித்த இடத்தில், அது ஐம்பது பவுண்டு பிரித்தது. 1794 மார்ச்சு 14-ஆம் தேதி அவருக்குக் காப்புரிமை கிடைத்தது.

அவரும் அவருடைய கூட்டாளியான பினியஸ் மில்லரும் யந்திரத்தை விற்க விரும்பவில்லை. தாமே எங்கும் யந்திரங்களை நிறுவிப் பருத்தியை அரைத்துக் கொடுத்து, ஐந்தில் இரண்டு பங்கைக் கூலியாகப் பெற எண்ணினர். பயிரிட்டோர்க்கு இது பெருங்கொள்ளையாகத் தோன்றியது. யந்திரமோ மிக எளியது. எந்தக் கொல்லரும் பார்த்துச் செய்துவிடக்கூடியது. 1795-ஆம் ஆண்டில் விட்னியின் தொழிற்சாலை தீக்கிரையாயிற்று. தேவைக்கேற்ற யந்திரங்களை அவரால் கொடுக்க இயலவில்லை. ஊரூராகப் போலி யந்திரங்கள் பெருகின. வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நீண்டன. நீதிமன்றம் அவர் உரிமையை உறுதிப்படுத்திய 1807-ஆம் ஆண்டிலேயே, அக்காலத்துச் சட்டப்படி 14 ஆண்டு உரிமையும் முடிவுற்றது. தெற்குக் கரோலினா மாகாணம் கொடுத்த 50,000 டாலர் போன்ற தொகைகள் பெரும்பாலும் வழக்குச் செலவிற்கே சென்றன. அந்த யந்திரத்தால் பருத்திச் சாகுபடி பெருகி, அதனுடன் அந்நாட்டில் அடிமை முறையும் பெருகியது என்பது அச்சரித்திரத்தின் துயரமான பகுதி.

நாம் அறிய வேண்டுவது யாதெனில்: வாங்குவோர் தாங்க இயலாத விலையும், தேவைக்கு எட்டாத உற்பத்தியும் சேர்ந்தால், காப்புரிமை அவற்றினின்று எவரையும் காப்பாற்றாது. நியாயமான விலைக்குத் தாராளமாகச் சரக்குக் கிடைக்குமிடத்தில் போலி செய்பவனுக்கு வேலை குறைவு.

6. கணக்கிட்டுப் பார்த்தல்

ஒரு கைக்கருவியை உதாரணமாகக் கொள்வோம். இரும்பும் மரமும் ரூ. 700, கூலி ரூ. 350; கட்டும் வண்டிச் செலவும் ரூ. 50, ஆக அடக்கம் ரூ. 1,100. அச்சு, பரிசோதனை, காப்புரிமை ஆகியவற்றிற்கு மொத்தமாக ரூ. 60,000 செலவாயிற்று என வைத்துக்கொள்வோம். 300 கருவிகள் விற்குமாயின், ஒன்றுக்கு ரூ. 200 சேர்ந்து அடக்கம் ரூ. 1,300 ஆகும். விற்பனை விலை ரூ. 1,600-இல் கடைக்காரர் கமிஷன் நூற்றுக்கு 15 வீதம் ரூ. 240 போக, கைக்கு வருவது ரூ. 1,360. மிச்சம் ஒன்றுக்கு ரூ. 60, மொத்தம் ரூ. 18,000.

100 கருவிகளே விற்றாலோ, அதே ரூ. 60,000 ஒன்றுக்கு ரூ. 600 ஆக ஏறி, அடக்கம் ரூ. 1,700 ஆகிவிடும். ஒன்றுக்கு ரூ. 340 வீதம் மொத்தம் ரூ. 34,000 நஷ்டம். ஆகவே, முதற் கேள்வி "இது எவ்வளவு அருமையான கருவி?" என்பதன்று, "இதனை எத்தனை பேர், எந்தப் பருவத்தில், என்ன விலைக்கு வாங்குவர்?" என்பதே. அதனை அறிய, தற்காலிக விண்ணப்பம் கொடுத்த பின்னர், ஐந்தாறு கருவிகள் மட்டும் செய்து, வெவ்வேறு மண்ணுள்ள ஊர்களில் ஒரு பருவம் முழுதும் பயன்படுத்தக் கொடுங்கள். புகழ்ச்சியைக் குறிக்க வேண்டாம். உடைந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இலவசமாய்ப் பெற்றவர் பாராட்டுவார். இரண்டாவது கருவிக்குப் பணம் நீட்டுபவரே உண்மையான சாட்சி.

7. கோயம்புத்தூர் காட்டிய வழி

கோயம்புத்தூரைச் சேர்ந்த அருணாசலம் முருகானந்தம் பட்டறைத் தொழிலாளி, உயர்ந்த படிப்பில்லாதவர். 1998-ஆம் ஆண்டில், தம் மனைவியார் மாதவிலக்குக் காலத்தில் கந்தைத் துணியைப் பயன்படுத்துவதை அறிந்து, மலிவான அணையாடை செய்ய முற்பட்டார். பஞ்சினால் செய்தவை தோற்றன. பெரிய கம்பெனிகள் பயன்படுத்துவது பஞ்சன்று, மரக்கூழிலிருந்து வரும் நார் என்பதைக் கண்டறியவே இரண்டாண்டுக்கு மேலாயிற்று. வெளிநாட்டு யந்திரங்களின் விலை கோடிக்கணக்கில் இருந்தது. அவர் அவ்வேலையை நாராக்குதல், அழுத்துதல், உறையிடுதல், கிருமி நீக்குதல் எனச் சிறு படிகளாகப் பிரித்து, சுமார் ரூ. 65,000 விலையில் எளிய யந்திரத்தை அமைத்தார். 2006-ஆம் ஆண்டில் சென்னை ஐ.ஐ.டி.யில் அதனைக் காட்டினார், காப்புரிமையும் பெற்றார், 2016-ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

அவர் உரிமையைப் பெரிய கம்பெனிக்கு விற்றுவிடவில்லை என்பதே நமக்கு முக்கியம். யந்திரத்தைப் பெண்களின் சுயஉதவிக் குழுக்களுக்கு விற்றார். குழுவினர் தாமே செய்து, தாமே பெயரிட்டு, தம் ஊரிலேயே விற்றனர். வாங்குவோரும் செய்வோரும் ஒரே ஊராராய் இருந்தமையால், விட்னிக்கு நேர்ந்த பகைமை இவருக்கு நேரவில்லை.

8. சங்கம் செய்யக்கூடியது

தனி மனிதர்க்கு அரியது சங்கத்திற்கு எளிது. அங்கத்தினர் கண்டுபிடித்த கருவிக்கு விண்ணப்பச் செலவைக் கடனாகக் கொடுக்கலாம். முதல் ஐந்தாறு கருவிகளைச் சங்கமே வாங்கிப் பரிசோதிக்கலாம். பருவத்திற்கு முன் அங்கத்தினரிடம் முன்பதிவு பெற்று, விற்பனைத் தொகையை உறுதி செய்யலாம். உரிமையைச் சங்கத்தின் பெயருக்கு மாற்றிக்கொள்ளவும் சட்டம் இடந்தருகிறது. ஆனால் தனி மனிதர்க்குள்ள சலுகைக் கட்டணம், சிறுதொழில் முதலிய வகைகளுள் அடங்காத ஸ்தாபனத்திற்கு இல்லை என்பதை முன்னரே கணக்கிடுதல் வேண்டும்.

எவ்வகை ஏற்பாடாயினும், எல்லா நிபந்தனைகளும் அடங்கிய எழுத்து மூலமான பத்திரம் இன்றியமையாதது; வாய்ப்பேச்சில் செய்த மாற்றம் செல்லாது. கண்டுபிடித்தவர் பெயர் விண்ணப்பத்தில் விளங்க வேண்டும். ஒரு கருவிக்கு அவர் பெறும் பங்கு இவ்வளவு என்று ரூபாயில் எழுதப்பட வேண்டும். யோசனை சொன்ன குடியானவரும் அதனை உருவாக்கிய கொல்லரும் உண்மையில் கூட்டாகக் கண்டிருந்தால், இருவர் பெயரும் இடம் பெற வேண்டும். பின்னாளில் லாபம் வருங்கால் எழும் சண்டைகளில் பெரும்பாலானவை, லாபம் இல்லாத நாளில் எழுதாமல் விட்டவற்றாலேயே எழுகின்றன.

முன் கூறிய கொல்லரின் பட்டறைக்குச் சென்ற மாதம் சென்றிருந்தேன். என்னைக் கண்டதும் மூலையில் இருந்த ஒரு பொருளின்மேல் சாக்கை இழுத்து மூடினார். "மனுப் போட்ட பிறகு காட்டுகிறேன் ஐயா, கோபித்துக்கொள்ளக் கூடாது" என்றார். கோபமா! அவ்வளவு மனநிறைவு தந்த மரியாதையை நான் வேறெங்கும் பெற்றதில்லை.

சங்கக் கூட்டத்தில் ஆலோசிப்பதற்கான வினாக்கள்

1. நமது ஊரில் பிறர் பார்த்துச் செய்துகொண்ட கருவி ஏதேனும் உண்டா? அதனை முதலில் கண்டவர் யாவர்? அவருக்குக் கிடைத்தது யாது?

2. கண்காட்சிக்குச் செல்லுமுன் செய்ய வேண்டுவன எவை?

3. மேற்கண்ட கணக்கில் 200 கருவிகள் விற்குமாயின் லாபமா, நஷ்டமா? எவ்வளவு?

4. அங்கத்தினர் ஒருவரின் புதுமைக்குச் சங்கம் கடன் கொடுப்பதாயின், எந்த நிபந்தனைகளை எழுத வேண்டும்?